மாடி போர்ஷனில் ஒரு அமெரிக்கா

எங்கள் வீட்டு மாடி போர்ஷன் காலியானால் அம்மா கேட்டில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுவாள். 'வாடகைக்கு. சிறு குடும்பம். சைவம் மட்டும். நேரில் வரவும்.' புரோக்கர் யாராவது போனில் பேசினால், "நேரில் வரவும்னு போட்டிருக்கேனே, படிக்கலையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

2015 ஜூன் கடைசியில் ஒரு குடும்பம் நேரில் வந்தது. ஆறடி இரண்டு அங்குலத்தில் ஒரு தாடிக்காரர், அவர் மனைவி, பத்து வயதுப் பெண், ஏழு வயதுப் பையன். நாலு பேரும் வேகவைத்த நண்டு நிறத்தில் இருந்தார்கள். (கிழக்குத் தாம்பரத்தின் ஜூன் வெயில் யாரையும் அந்த நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும்.) கூட வந்திருந்த உள்ளூர் நண்பர், "அமெரிக்காவுலேருந்து வந்திருக்காங்கம்மா. ஓஹியோ. சார் செடி கொடி ஆராய்ச்சி. நம்ம கிறிஸ்தவக் கல்லூரிக் காட்டுல ஒரு வருஷம் வேலை" என்றார்.

அம்மா அவர்களை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சைவமான்னு கேளு" என்றாள்.

கேட்டேன். தாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் குழந்தைகளைப் பார்த்தார். குழந்தைகள் எங்கள் வீட்டுப் பூனையைப் பார்த்தன. கடைசியில், "வீட்டுக்குள் சமைக்க மாட்டோம்" என்று ஒப்பந்தம் ஆயிற்று. வெளியே சாப்பிட்டால் அம்மா கேட்கக்கூடாது. அவர்கள் சொல்லவும் கூடாது.

அடுத்தது அட்வான்ஸ். சென்னை வழக்கப்படி பத்து மாத வாடகை. வாடகை 12,000. ஆக, ஒரு லட்சத்து இருபதாயிரம். தாடிக்காரர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "நாங்கள் இருக்கப்போவதே பதினோரு மாதம். பத்து மாதப் பணத்தை முதலிலேயே தந்துவிடுகிறேன். அதையே வாடகையாக வைத்துக்கொண்டு, கடைசி மாதத்துக்கு மட்டும் தனியாக வாங்கிக்கொண்டால் கணக்கு முடிந்துவிடுமே?"

நான் பி.காம். மீனம்பாக்கம் போய் மூன்று வருஷம் படித்தவன். பற்று, வரவு, தேய்மானம் எல்லாம் தெரியும். ஆனால் இந்தக் கேள்விக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் பதில் இல்லை. "வழக்கம் சார்" என்றேன். உலகத்திலேயே சுருக்கமான பொருளாதாரக் கொள்கை அதுதான்.

அவர் கொடுத்துவிட்டார். மறுநாளே நான் வெளிநாட்டவரைக் குடிவைத்த வீட்டுக்காரர்கள் கொடுக்கவேண்டிய 'சி' ஃபாரத்தைப் பூர்த்தி செய்தேன். அவர்கள் சாஸ்திரி பவன் போய்ப் பெயரைப் பதிவு செய்துகொண்டு வந்தார்கள். இப்படியாக எங்கள் மாடியில் அமெரிக்கா குடியேறியது.

* * *

"இத்தனை இடம் இருக்க, தாம்பரத்துக்கு ஏன் சார் வந்தீங்க?" என்று தெருவே கேட்டது. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அந்தக் காலத்தில் மறைமலை நகர் கார் கம்பெனிக்கு வந்த அமெரிக்கர்களைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். (அந்தத் தொழிற்சாலை 2022-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.) அவர்கள் கடற்கரைப் பக்கம் தோட்டம் வைத்த வீடு பார்ப்பார்கள். பிள்ளைகளைத் தரமணி அமெரிக்கப் பள்ளியில் சேர்ப்பார்கள். சேலையூர் ஏரிக்குப் பின்னால் ஒண்ணே கால் கிரவுண்டு வீட்டின் மாடிக்கு எந்த அமெரிக்கன் வருவான்?

ஆனால் தாடிக்காரர் என்னை உட்காரவைத்துச் சொன்ன கதைகளைக் கேட்டபிறகு, பிறந்ததிலிருந்து நான் இந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு நடந்திருக்கிறேன் என்று புரிந்தது.

பல்லாவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பல்லாவரம் என்றால் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய சைக்கிள், உடைந்த டி.வி., ரோஜாச் செடி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அவருக்குப் பல்லாவரம் என்றால் 1863 மே 30. அன்றைக்குத்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற நிலவியல்காரர் அங்கே செம்மண் சரளையில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். பழைய கற்கால மனிதன் செதுக்கிய ஆயுதம். இந்தியாவில் ஆதிமனிதன் வாழ்ந்ததற்கு அடையாளம் தேடுகிறவர்கள் எல்லாருக்கும் அந்தக் கல்தான் ஆரம்பம். அந்த மண்ணின் மேல்தான் சார் நான் தினம் ரயிலில் போய்க் கல்லூரியில் படித்துவிட்டு வந்தேன்!

அடையாறுக்கு 1882 டிசம்பரில் ஓர் அமெரிக்க கர்னல் குடிவந்தார். ஹென்றி ஸ்டீல் ஆல்காட். பிரம்மஞான சபையின் தலைமையகத்தை அங்கே நிறுவி, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்து, 1907-ல் அடையாறிலேயே கண்ணை மூடினார். ஐ.ஐ.டி. 1959-ல் தொடங்கியபோது மேற்கு ஜெர்மனியிலிருந்து பேராசிரியர்களும் பட்டறை ஃபோர்மேன்களும் குடும்பத்தோடு வந்து கிண்டிக் காட்டுக்குள் தங்கிக் கற்றுக்கொடுத்தார்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பான் நகரத்தின் பெயரில் அங்கே இன்றைக்கும் ஒரு சாலை இருக்கிறது.

நம்ம கிறிஸ்தவக் கல்லூரியின் கதை இன்னும் பெரிது. 1837-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆண்டர்சன் பட்டணத்தில் ஆரம்பித்த பள்ளிக்கூடம் அது. சரியாக நூறு வருஷம் கழித்து 1937-ல் கல்லூரியாகத் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. கட்டடங்களுக்கு வரைபடம் போட்டவர் ஹென்றி ஷெட்டி என்கிற சுவிட்சர்லாந்துக்காரர். (பெயரைக் கேட்டதும் மங்களூர் என்று நினைத்துவிட்டேன்.) அப்போது அங்கே பெரும்பாலும் முள்ளும் புதரும்தான். எட்வர்ட் பார்ன்ஸ் என்று ஒரு வேதியியல் பேராசிரியர். பாடம் நடத்தின நேரம் போக மீதி நேரத்தில் அவரும் அவர் மனைவி ஆலிஸும் மரம் மரமாக நட்டுக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்கு 300 ஏக்கருக்கு மேல் நிழல். அதற்குள் புள்ளிமான். 1938 டிசம்பரில் உலகம் முழுவதிலிருந்தும் நானூறுக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் அங்கே வந்து கிறிஸ்தவ சபைகளின் மாநாடு நடத்தினார்கள். அந்தப் படிப்புப் படிக்கிறவர்களுக்கு உலகத்தின் எந்த மூலையிலும் 'தாம்பரம்' என்றால் தெரியுமாம்.

"எங்கள் ஓஹியோவில் என் ஊர் பெயரைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரனுக்கே தெரியாது. நீங்கள் பிரபலமான ஊரில் இருக்கிறீர்கள்" என்றார் தாடிக்காரர்.

அதுவரை நான் யாராவது "எங்க இருக்கீங்க?" என்று கேட்டால் "சென்னை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து "தாம்பரம்" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

* * *

பார்ன்ஸ் நட்ட மரங்களைப் பார்க்க இவர் வரவில்லை. யாரும் நடாமல் தானாகவே மிஞ்சியிருக்கும் புதர்க்காடுதான் இவருக்கு வேண்டும். தினமும் காலையில் ஒரு தொப்பி, ஒரு நோட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலோடு கிளம்புவார். சாயங்காலம் சட்டையெல்லாம் முள் கிழித்துத் திரும்புவார். கொண்டுவந்த கிளைகளைப் பழைய செய்தித்தாளில் வைத்து அமுக்கிக் காயவைப்பார்.

ஒருநாள் மொட்டை மாடியில் வடகம் காயப்போடப் போன அம்மா அந்தக் கிளைகளைப் பார்த்துவிட்டாள்.

"இது காரை. இது சூரை, பழம் புளிப்பா இருக்கும். ஏன் தம்பி, களாக்காயைப் போய் பேப்பர்ல வெச்சு நசுக்கியிருக்கியே? ஊறுகா போட்டா ஒரு வருஷம் வருமே!"

தாடிக்காரர் நோட்டைத் திறந்தார். அன்றிலிருந்து அம்மா அந்த ஆராய்ச்சியின் உள்ளூர் ஆலோசகர். சம்பளம் கிடையாது. வாரம் ஒருமுறை ஒரு பை நிறையக் களாக்காய். "அமெரிக்காவுல படிச்சவருக்குக் களாக்காய் தெரியலை பாரு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பிள்ளைகளை எங்கள் பக்கத்து மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் நாளே பையன் டையைக் கழற்றி எறிந்தான். இரண்டாவது வாரம் வீட்டுக்கு வந்து, ஒரு பாடம் முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். அவன் அம்மா ஆச்சரியத்தோடு, "அர்த்தம் என்ன?" என்று கேட்டார். "அதைக் கேட்க மாட்டார்கள்" என்றான். நம் கல்வி முறையைப் பற்றி எத்தனையோ கமிஷன்கள் எழுதியதை அவன் நாலு வார்த்தையில் முடித்துவிட்டான்.

தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் அவனுக்கு 'டாலர்' என்று பெயர் வைத்தார்கள். அவனுக்கு பேஸ்பால் பழக்கம். பந்தை அடித்துவிட்டு மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடுவான். ஒவ்வொரு முறையும் ரன் அவுட். மூன்று மாதத்தில் மட்டையையும் விடவில்லை, தமிழையும் விடவில்லை. "டேய், பந்து சாக்கடைல விழுந்துச்சுடா, நீதான் எடுக்கணும்" என்று அவன் கத்துவது எங்கள் வீட்டு ஹாலுக்குக் கேட்கும்.

அந்தச் சத்தம் கேட்டால் அம்மா கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள். ஏன் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன் என் அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

* * *

அண்ணன் 2001-ல் அமெரிக்கா போனவன். நியூஜெர்ஸியில் எடிசன் என்கிற ஊர். சென்னையை விட அங்கே இட்லி மாவு சுலபமாகக் கிடைக்கும் என்பான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். வயதுகூட மாடிப் பிள்ளைகளின் வயதுதான். ஒவ்வொரு ஞாயிறு காலையும் ஸ்கைப்பில் வருவார்கள். "ஹாய் பாட்டி!" அவ்வளவுதான். பிறகு திரையில் அவர்கள் உட்கார்ந்திருந்த சோபா மட்டும் தெரியும். அம்மா அந்த சோபாவைப் பார்த்துப் பத்து நிமிஷம் பேசுவாள்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்று வாரம் வருவார்கள். கொசு, வெயில், தண்ணீர் என்று காரணம் சொல்லி ஜி.எஸ்.டி. ரோடில் ஏ.சி. ஓட்டலில் தங்குவார்கள். அம்மா டிபன் கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு அங்கே போவாள். சொந்தப் பேரனைப் பார்க்க ரிசப்ஷனில் பெயர் எழுதிக்கொடுக்க வேண்டும்.

அந்த 2015-ல் அண்ணன் ஒரு திட்டத்தோடு இருந்தான். அப்பா ரயில்வே சம்பளத்தில் 1986-ல் கட்டின எங்கள் வீட்டை ஒரு புரமோட்டரிடம் ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுப்பது. நாலு மாடி ஃப்ளாட். எங்களுக்குப் பாதி. அம்மா எடிசனுக்கு வந்துவிடலாம். நான் ஒரு ஃப்ளாட்டில் இருந்துகொண்டு பத்திரிகைகளுக்கு எழுதி எழுதி நல்லபடியாக வறுமையில் வாழலாம். டிசம்பர் 10-ம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். பத்திரத்தின் நகல் முன்னாடியே வந்துவிட்டது. அம்மா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பேரப்பிள்ளைங்க கூட இருக்கலாம் இல்லம்மா?" என்று அவன் கேட்டால் மட்டும் கொஞ்சம் இளகுவாள்.

இதற்கிடையில் மாடியிலிருந்து இரண்டு பேர் தினமும் இறங்கிவந்து, "பாட்டி, பசிக்குது" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சுற்றினோம். தாடிக்காரர் வீட்டம்மாவும் அம்மாவும் முன்னால், நாங்கள் பின்னால். மாடம்பாக்கத்தில் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். யானை படுத்திருக்கிற மாதிரி பின்புறம் வளைந்த விமானம். சோழர் காலத்துக் கோயில். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போய், எல்லாரும் மிருகங்களைப் பார்க்க, எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். திருநீர்மலை ஏறினோம். மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து தரிசனம் பண்ணினார் என்று அம்மா கதை சொன்னாள். மேலே நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டின தூரம் காங்கிரீட் கூரைகள்.

"இங்கேயா தண்ணீர் நின்றது?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"அது அந்தக் காலம்மா. இப்ப ஏது தண்ணி?" என்றேன் நான்.

அது அக்டோபர் மாதம்.

* * *

நவம்பரில் ஆரம்பித்தது. தீபாவளிக்கு வாங்கின பட்டாசு நமுத்தது. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள், திறந்தார்கள், மறுபடி விட்டார்கள். "இந்தியாவில் மழை விடுமுறை ஒரு மாதம்" என்று டாலர் தன் தாத்தாவுக்குக் கடிதம் எழுதினான். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் புகுந்ததாகச் செய்தி வந்தது. "அது மேற்கு. நம்மது கிழக்கு" என்று நாங்கள் தைரியமாக இருந்தோம். தண்ணீருக்கு ரயில்வே லைன் ஒரு எல்லை என்று யாரோ சொன்ன மாதிரி!

டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுப்பினாள். பாயிலிருந்து காலை எடுத்து வைத்தால் தண்ணீர். முதலில் கணுக்கால். ஸ்வாமி படங்களை எடுத்து முடிப்பதற்குள் முழங்கால். கறுப்பாக, சத்தமே இல்லாமல் ஏறியது.

மாடிப்படியில் டார்ச் வெளிச்சம். தாடிக்காரர் இறங்கி வந்தார். ஒன்றும் பேசவில்லை. கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கினார். அவர் மனைவி அரிசி டப்பாவை எடுத்தார். அந்தப் பெண் பூனையை எடுத்தாள். டாலர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, மேல வாங்க. பயப்படாதீங்க" என்றான்.

அம்மா வீட்டுப் பத்திரத்தை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். பத்து மாத அட்வான்ஸ் வாங்கின வீட்டுக்காரி, குடித்தனக்காரர் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் தயங்கி நின்றாள். உள்ளே கூப்பிடக் காத்திருக்கிற மாதிரி.

நாலு ராத்திரி அங்கே இருந்தோம். ஆறு பேர், ஒரு பூனை. கரண்ட் இல்லை. போன் இல்லை. பால் பாக்கெட் நூறு ரூபாய் என்று மொட்டை மாடிக்கு மொட்டை மாடி செய்தி வந்தது. அமெரிக்கர்களிடம் கையால் அடித்துத் தண்ணீர் வடிகட்டுகிற பம்ப் ஒன்று இருந்தது. எங்களிடம் அரிசியும் புளியும் இருந்தன. அம்மா ரசம் வைத்தாள்.

இரண்டாம் நாள் பரணில் ஏதோ தேடும்போது ஒரு தகர டப்பா உருண்டு விழுந்தது. படத்தில் மீன். அந்த வீட்டம்மாள் முகம் சிவந்துவிட்டது. அம்மா டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "குழந்தைங்க வெறும் ரசத்தையே எத்தனை நாள் குடிக்கும்? பிரிச்சுக் குடும்மா. நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கறேன்" என்றாள். முப்பது வருஷ அட்டையின் 'சைவம் மட்டும்' அன்றைக்குத் தண்ணீரோடு போயிற்று. ஆனால் குழந்தைகள் அதைத் தொடவில்லை. பூனை சாப்பிட்டது.

அம்மா ராத்திரியில் தூங்கவில்லை. "அவன் என்ன தவிக்கிறானோ" என்று அண்ணனை நினைத்துப் புலம்பினாள். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். ரன்வேயில் தண்ணீர்.

டிசம்பர் 4-ம் தேதி தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் நானும் தாடிக்காரரும் கேம்ப் ரோடு ஜங்ஷன் வரை நடந்தோம். அங்கே அவர் போனில் ஒரு கோடு டவர் வந்தது. பேட்டரி 4 சதவீதம். ஒரே ஒரு போன்தான் பேசமுடியும். என்னைப் பார்த்தார். நான் எப்படி என் அண்ணனுக்குக் கேட்பது? அவருக்கும் அம்மா இருக்கிறார்களே. பேசாமல் நின்றேன்.

அவர் ஓஹியோவில் தன் அம்மாவைக் கூப்பிட்டார். அங்கே முந்தின நாள் ராத்திரி பத்தரை. "நாங்கள் நாலு பேரும் நலம். பென்சில் எடுத்துக்கொள், அம்மா. ஒரு நம்பர் எழுதிக்கொள். நியூஜெர்ஸி. அவர்களிடம் சொல்: அவர்கள் அம்மாவும் தம்பியும் நலம். எங்களோடு, எங்கள் வீட்டில் இருக்கிறார்கள்..." போன் அணைந்துவிட்டது.

என் அண்ணன் நம்பர் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "உங்கள் அம்மா மூன்று நாளாக ராத்திரி முழுக்க அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்" என்றார்.

* * *

மறுநாள் எங்கள் போன்களில் டவர் வந்ததும் முதல் அழைப்பு அண்ணனுடையது. "அம்மா, ஓஹியோலேருந்து ஒரு பாட்டி போன் பண்ணாங்கம்மா. ராத்திரி பதினோரு மணிக்கு. யாருன்னே தெரியாது. 'உன் அம்மா என் பிள்ளை வீட்ல பத்திரமா இருக்காங்க'ன்னு சொன்னாங்கம்மா..." அதற்கு மேல் அவனால் பேசமுடியவில்லை.

விமான நிலையம் திறந்ததும் உடனே புறப்பட்டு வரும்படி மாடிக்காரர்களின் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவர்கள் போகவில்லை. "கீழே சேறு இருக்கிறது" என்றார் அந்த அம்மாள். இரண்டு நாள் நாலு பேரும் எங்களோடு மண்வெட்டி பிடித்தார்கள். அப்பா காலத்து மரபீரோ உப்பிப் போயிருந்தது. ஸ்கைப்புக்கு வைத்திருந்த கம்ப்யூட்டர் போயிற்று. சுவரில் தண்ணீர் நின்ற கோடு மட்டும் இன்னும் இருக்கிறது. பெயின்ட் அடித்தாலும் தெரியும்.

அண்ணன் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு முன் குடும்பத்தோடு வந்தான். இந்தத் தடவை ஓட்டலுக்குப் போகவில்லை. கீழே சுவர் காயாததால் அவன் பிள்ளைகளையும் மாடிக்காரர்களே வைத்துக்கொண்டார்கள். அப்புறம் நடந்ததை நான் சொன்னால் ஜோடனை என்பீர்கள். என் அண்ணன் மகனுக்கு, 'பாட்டி, இன்னும் ஒரு தோசை வேணும்' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தது டாலர்தான். ஓஹியோக்காரன் வாத்தியார், தாம்பரத்துப் பேரன் மாணவன். "ணும் இல்லைடா, ணும்" என்று அவன் நாக்கைத் தொட்டுக் காட்டித் திருத்துவதை அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் அண்ணன் பத்திரத்தை எடுத்தான்.

"வேண்டாம்ப்பா" என்றாள் அம்மா.

"இன்னொரு வெள்ளம் வந்தா என்னம்மா பண்ணுவே? நாலு மாடி இருந்தா சேஃப் இல்லையா?"

"நாலு மாடி இருக்கும். மேல வாங்கன்னு கையைப் புடிச்சுக் கூப்பிட ஆள் இருக்குமா? நீ பிள்ளைங்களை இங்க கூட்டிட்டு வா. நான் எங்கயும் வரலை."

அண்ணன் பத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். அதன் பிறகு அவன் குடும்பம் எப்போது வந்தாலும் எங்கள் வீட்டில்தான்.

* * *

2016 மே மாதம், அக்னி நட்சத்திர வெயில். மாடிக்காரர்கள் கிளம்பினார்கள். நான் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அட்வான்ஸ் ஒரு லட்சத்து இருபதாயிரம். கழிவு: பெயின்டிங், வழக்கம் போல ஒரு மாத வாடகை. எழுதப் போனேன். அம்மா பேனாவைப் பிடுங்கினாள்.

"நாலு நாள் நாம அங்க இருந்தோமே, அதுக்கு வாடகை எவ்வளவுன்னு முதல்ல எழுது."

எழுதத் தெரியவில்லை. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டோம்.

டாக்ஸி வந்தது. தெருப் பையன்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு மட்டையைக் கொடுத்தார்கள். தாடிக்காரர் பெட்டியில் துணியை விட அதிகமாகக் களாக்காய் ஊறுகாய் இருந்தது. எல்லாரும் ஏறினபிறகு டாலர் இறங்கி ஓடிவந்தான்.

"போயிட்டு வரேன், பாட்டி."

'பை' சொல்லவில்லை. 'போறேன்' என்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லவேண்டுமோ அப்படிச் சொன்னான். அம்மா அவன் தலையில் கை வைத்தாள். பேச்சு வரவில்லை.

இப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. தாம்பரம் 2021-ல் மாநகராட்சியாகிவிட்டது. எங்கள் தெருவில் தனி வீடு இன்னும் இரண்டுதான் பாக்கி. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனால் ஓஹியோவிலிருந்து வீடியோவில் ஒரு பையன், மீசை முளைத்தவன், "பாட்டி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் மட்டும் முதல் தடவையிலேயே கேட்டுவிடும். ஓஹியோப் பாட்டியும் சில சமயம் திரையில் வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டு பேரும் அரைமணி நேரம் பேசுகிறார்கள்.

போன மாதம் மாடி காலியானது. ஒரு சின்னக் குடும்பம் வந்து கேட்டது. நல்ல மாதிரி. ஒரே வருஷம்தான் இருப்பார்களாம், பிறகு மாற்றல். பத்து மாத அட்வான்ஸ் ரொக்கமாகத் தருகிறேன் என்றார்கள். அம்மா மாட்டேன் என்றுவிட்டாள்.

"ஏம்மா, நல்ல பார்ட்டிதானே?" என்றேன்.

"ஒரு வருஷத்துல பழகிட்டுப் போயிடுவாங்கடா. வீட்டுக்கு அவங்க அட்வான்ஸ் குடுக்கறாங்க. எனக்கு யாரு குடுப்பா?"

கேட்டில் புது அட்டை தொங்குகிறது. 'வாடகைக்கு. சிறு குடும்பம். நேரில் வரவும்.' சைவம் என்ற வார்த்தை அதில் இல்லை. அதற்குப் பதிலாகக் கடைசியில் அம்மா தன் கையாலேயே ஒரு வரி எழுதியிருக்கிறாள்:

'குழந்தைகள் உள்ளவர்களுக்கு முன்னுரிமை.'